இராவணனின் சிரட்டை

லக்கலப் பக்கம் போனால் லக்கேகல மலையைக் காட்டி, இராவணனின் விமானம் அங்கிருந்துதான் புறப்பட்டது என்பார்கள். அவன் சிங்களவனா, தமிழனா என்று வழக்காடும் வாசகர் கடிதங்களை முப்பது ஆண்டுகளாகத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அவன் பெயரைத் தாங்கிய வாத்தியத்தைப் பற்றி ஒரு கடிதமும் வந்ததில்லை.

இராவணஹத்தா இன்று வழிவழியாக வாசிக்கப்படுவது இராஜஸ்தானில். பாபூஜியின் கதையைப் பாடும் போபாக்கள் தேங்காய்ச் சிரட்டைமேல் ஆட்டுத்தோல் போர்த்தி, மூங்கில் தண்டு பொருத்தி, வில்லால் வாசிக்கிறார்கள். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் வசதியற்றவர்கள் வெற்றுச் சுருட்டுப் பெட்டியில் தந்தி கட்டினார்கள். அதே பெட்டியை இன்று வீட்டுப் பட்டறைகளில் உகுலேலே ஆக்குகிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: ஒரு கூடு, ஒரு தண்டு, தந்தி, தந்தியின் அதிர்வைக் கூட்டுக்குக் கடத்தும் குதிரை.

சிரட்டையும் மூங்கிலும் இலங்கையில் காசு கொடுத்து வாங்கும் பொருள்கள் அல்ல. என்னைக் கேட்டால், லக்கலக் கிராமத்துச் சிங்களப் பிள்ளையையும் மாத்தளைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையையும் ஒரே பட்டறையில் உட்கார்த்தி, ஆளுக்கொன்று செய்யச் சொல்ல வேண்டும். வாத்தியம் வாங்கப் பணமில்லாத வீட்டுக்கு இசை வாய்க்காது என்ற எண்ணம் அங்கே முதலில் உடையும். இராவணன் யாருடையவன் என்பதைப் பெரியவர்கள் பிறகு பேசிக்கொள்ளலாம்.