அழிக்கும் உரிமை யாருக்கு?

கலைஞன் பட்டினி கிடந்தால் "கலைக்காகத் தியாகம்" என்பார்கள். அவனே தன் உழைப்புக்குக் கணக்குக் கேட்டால் "காசாசை பிடித்தவன்" என்பார்கள். இருமுனையிலும் குத்தும் இந்த ஈட்டியை ஏந்தி நிற்போர் யார்? பாடத் தெரியாதவர்கள், ஆனால், பாட்டை விற்கத் தெரிந்தவர்கள்! பெருநிறுவனம் இல்லையேல் இசையே இல்லை என்பது அவர்கள் வாதம். முன்பணம் தருவது யார்? ஒலித்தட்டை அங்காடிக்கு அனுப்புவது யார்? என்று அடுக்குகிறார்கள். கேள்விகள் நியாயமானவையே. விடை அமெரிக்கத் தலைநகரிலேயே இருக்கிறது. ஏறெடுத்துப் பார்க்கத்தான் அவர்களுக்கு மனமில்லை!

வாஷிங்டனில் 1987-ஆம் ஆண்டு மேடையேறிய ராக் இசைக்குழு ஃபுகாசி. இயன் மெக்கை, கை பிச்சோட்டோ, ஜோ லாலி, பிரெண்டன் கான்டி ஆகிய நால்வர் அதில் இருந்தனர். மெக்கையும் ஜெஃப் நெல்சனும் 1980-இல் தொடங்கிய டிஸ்கார்ட் என்னும் சிறு பதிப்பகமே இவர்களுடைய ஒலித்தட்டுகளை வெளியிட்டது. அங்கே எழுதிய ஒப்பந்தம் இல்லை. ஒருவர் சொல்லே ஒப்பந்தம். நிகழ்ச்சிக்கு நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 5 டாலர். மது விற்கும் கூடத்தில் இளையோரை வாயிலிலேயே தடுப்பது அந்நாட்டு வழக்கம். எல்லா வயதினரையும் அனுமதித்தால்தான் பாடுவோம் என்றனர் இவர்கள். பெருநிறுவனங்கள் அழைத்தன. மறுத்தனர்.

"மலிவு விலை, மலிவுச் சரக்கு!" என்று ஏளனம் செய்வோர் 1992-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் கேட்கட்டும். சிகாகோ சென்று, ஸ்டீவ் ஆல்பினி என்னும் ஒலிப்பதிவாளரிடம் புதிய பாடல்களைப் பதிந்தனர். அவரும் கொள்கை உடையவர். பாடியவரின் விற்பனையில் பங்கு கேட்பது முறையன்று, செய்த வேலைக்குக் கூலி போதும் என்று வாழ்ந்தவர். 1993-இல் வெளிவந்த நிர்வாணா குழுவின் ஒலித்தட்டுக்கும் அவ்வாறே பங்கை மறுத்தவர். அத்தகையவர் கைப்பட்ட பதிவு! ஆயினும் கேட்டுப் பார்த்தபோது நிறைவு தரவில்லை. என் செய்தனர்? ஒதுக்கி வைத்தனர். ஊர் திரும்பி, வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் இருந்த இன்னர் இயர் கூடத்தில் மீண்டும் பதிந்தனர். 1993-இல் வெளிவந்தது அந்தப் புதிய பதிவே.

நான் பள்ளி ஆசிரியன். "தவறென்று தெரிந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுது" என்று நாள்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பிள்ளைக்கு அது எளிது; பலகை அவனுடையது. ஒலிப்பதிவு நாடா முதலாளியுடையதானால், முன்பணம் கடனாகத் தலைமேல் நின்றால், பாடகன் எதை அழிப்பான்? வெளியீட்டு நாள் குறித்தாகிவிட்டது, விளம்பரம் போயாகிவிட்டது என்பார்கள். மனத்துக்கு ஒவ்வாத பாட்டின் மீது அவன் பெயர் அச்சாகும்!

"எல்லோராலும் இப்படி வாழ இயலுமா?" என்று கேட்பீர்கள். எளிதென்று நான் சொல்லவில்லை. மேலாளரை அமர்த்தாமல் தாமே கூடம் பேசினர். குழுவின் பெயர் பொறித்த சட்டை விற்று வரும் வருவாயையும் வேண்டாமென்றனர். ஐந்து டாலர் அறமாக நின்றது அந்தச் சிக்கனத்தால். இடைத்தரகனுக்கும் ஆடம்பரத்துக்கும் படியளந்துகொண்டே கட்டணத்தைக் குறைக்க எவராலும் ஆகாது.

2002-க்குப் பின் அவர்கள் மேடையேற்றம் நின்றது. ஆனால், 2011-ஆம் ஆண்டு, தங்கள் நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகளை நூற்றுக்கணக்கில் இணையத்தில் வழங்கத் தொடங்கினர். அதற்கு அவர்கள் குறிப்பிட்ட விலை? அதே 5 டாலர்! எவரிடம் இசைவு கேட்டனர்? எவரிடமும் இல்லை. பாடியவர்களே உடையவர்கள்.

நண்பர்களே, கலைஞனுக்கு மாலை சூட்டுவது எளிது. அவன் பாட்டை அவனிடமே விட்டுவைப்பதுதான் அரிது. தான் படைத்ததைத் தானே அழிக்க உரிமையற்றவனை எத்துணை உயர்ந்த அரியணையில் ஏற்றினும், அவன் அரசனல்லன், அணிசெய்யப்பட்ட அடிமை!