வலி தெரியாத காலுக்கு யார் காவல்?

நீரிழிவு நோய் பல்லாண்டு நீடிக்கும்போது பாதத்தின் நரம்புகள் பழுதுபட்டு, வலி உணரும் ஆற்றல் குறையக்கூடும். ரப்பர்த் தோட்டத்தில் முள் தைத்தாலும், நண்பகலில் கோயில் முற்றத்துக் கல் சுட்டாலும் தெரிவதில்லை. கவனியாத சிறு புண்ணே சிலருக்குக் காலை இழக்கும் நிலைவரை கொண்டுசெல்கிறது.

இக்குறையை ஈடுசெய்யத் தொடு உணரிகள் உருவாக்கப்படுகின்றன. ஒரு வகையில், மின்சாரம் கடத்தும் இரு மெல்லிய தகடுகளுக்கிடையே ரப்பர் போன்ற படலம் இருக்கும். அது அழுந்தும்போது ஏற்படும் மின் மாற்றத்தைக் கொண்டு அழுத்தத்தை அளக்கலாம். இயந்திரக் கை முட்டையை உடைக்காமல் பற்றவும் இத்தகைய உணரிகள் உதவுகின்றன. அவரவர் பாதத்திற்கேற்ப இவற்றை அமைக்கவும் இயலும்.

இம்முயற்சி புதிதன்று. 1914இல் கொல்லிமலையில் பிறந்து, வேலூரில் தொழுநோயாளரின் கைகால்களைச் சீரமைத்த டாக்டர் பால் பிராண்ட், பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் இதனைச் செய்துபார்த்தார். கையுறையிலும் காலுறையிலும் உணரிகளைப் பொருத்தினார். எச்சரிக்கை ஒலியை நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. உணர்ச்சியுள்ள இடத்தில் மின் அதிர்ச்சி தந்தபோதோ, கருவியை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். இயற்கையான வலியை நாம் நினைத்தவுடன் அணைக்க முடியாது; கருவியை அணைத்துவிடலாம்.

ஆகவே, புதிய உணரிகளை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் அவற்றையே நம்பியிருக்க வேண்டாம் என்கிறோம். காலணிக்குள் வைக்கும் உணரி, வீட்டிலும் வழிபாட்டிடங்களிலும் வெறுங்காலுடன் நடக்கும் நம் மக்களுக்கு அந்நேரங்களில் பயன்படாது. எச்சரிக்கை எழுந்தாலும், காலைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் குடும்பத்தில் இப்போதே இருக்கலாம். நோயாளிக்குக் குனிய இயலாவிட்டாலோ பார்வை மங்கியிருந்தாலோ, மனைவியோ மகனோ மருமகளோ இரவு படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் விளக்கொளியில் பார்த்தல் நன்று. செருப்பை அணியுமுன் உள்ளே கல், ஆணி உண்டா என்று பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு அணிதல் நலம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் 10 கிராம் நைலான் இழையால் பாதத்தின் உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கொப்புளமோ நிறமாற்றமோ புண்ணோ கண்டால் அன்றே மருத்துவரிடம் வாருங்கள். "வலிக்கவில்லையே" என்று காத்திருக்க வேண்டாம். உணர்விழந்த காலில் வலி இல்லாமை நலத்தின் அறிகுறியன்று. அதுவே நோயின் அறிகுறி.