விபத்து இல்லாவிட்டால் கதை இல்லையா?

ரயில் சிமுலேட்டர் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'அதில் என்னதான் நடக்கிறது?' என்ற கேள்வி ஏளனத்தோடு வந்து விழுகிறது. கேட்பவர்கள் இலக்கிய வாசகர்கள் என்பதே எங்களுக்கு வியப்பு. சம்பவங்கள் அருகிய நாவலைப் பொறுமையோடு வாசிக்கப் பழகியவர்கள், தண்டவாளத்தின்மேல் மட்டும் மோதலையும் தீயையும் எதிர்பார்ப்பானேன்?

அந்த எதிர்பார்ப்புக்கு இணங்கிப்போகும் வடிவமைப்பாளர்களோடும் எங்களுக்கு வழக்கு உண்டு. 2001இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டிரெய்ன் சிமுலேட்டர், புதிய ஓட்டங்களை ஆட்டக்காரரே அமைத்துக்கொள்ளும் கருவியையும் உடன் தந்தது. பாதை, வண்டி, புறப்படும் நேரம், பருவம், வானிலை, குறுக்கிடும் பிற வண்டிகள் ஆகியவற்றைத் தீர்மானிப்பவர் ஏறக்குறைய ஒரு கதாசிரியர்தான். அந்தச் சுதந்திரத்தைக் கொண்டு லெவல் கிராசிங்கில் நின்றுபோன லாரியையும் பழுதான பிரேக்கையும் மட்டுமே படைப்பது என்ன கற்பனை? மூன்றாம் முறையும் லாரி நின்றால் அது விபத்தன்று, சூத்திரம்.

அவ்விளையாட்டில் இடம்பெற்ற இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதையையே எடுத்துக்கொள்வோம். செட்டிலிலிருந்து பிளீ மூர் வரை பெரும்பகுதி நூறடிக்கு ஓரடி ஏற்றம். மழை பெய்கிறது. நீராவி எஞ்சின் பாரம் ஏற்றிய கூட்ஸ் பெட்டிகளை இழுத்துச் செல்கிறது. பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிறது; அதற்கு வழிவிட, பிளீ மூர் லூப் லைனில் குறித்த நேரத்துக்குள் ஒதுங்கியாக வேண்டும். நீராவியை அதிகம் திறந்தால் சக்கரம் வழுக்கும். குறைத்தால் வண்டி ஏற்றத்திலேயே நின்றுவிடும். கொதிகலனுக்குத் தண்ணீர் விட்டால் அழுத்தம் இறங்கும். விடாமலும் இருக்க முடியாது. ரிபிள்ஹெட் பாலத்தின் 24 வளைவுகளையும் கடக்கையில் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். இங்கே ஒன்றும் நடக்கவில்லையா?

இத்தகைய ஓட்டத்தை அமைப்பவர் முடிவை எழுதுவதில்லை. எடையையும் சரிவையும் நேரத்தையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு விலகிக்கொள்கிறார். மிச்சத்தை ஆட்டக்காரரின் கை எழுதுகிறது. வாசகனை நம்பும் எழுத்து என்று நாம் வேறிடத்தில் போற்றுவது இதைத்தானே?

பழுதுகளே கூடாதென்று நாங்கள் வாதிடவில்லை. விபத்தை மட்டுமே கதையெனக் கொள்ளும் மனம், விபத்து நேராமல் காக்கும் உழைப்பைக் காணத் தவறுகிறது என்கிறோம். ஓர் ஓட்டுநர் தம் வண்டியைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்த நாள் செய்தியாவதில்லை. அந்த நாளுக்கு உருவம் கொடுக்கக்கூடிய வடிவம் ஒன்று நம் கைக்கு வந்திருக்கிறது. அதிலும் லாரியைத்தான் நிறுத்துவோம் என்றால், வறுமை விளையாட்டினுடையதன்று, நம்முடையது.