கொல்லைக்கு சிமென்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு மழையைப் பாருங்க!

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போய் வீட்டைத் திறந்தால், முதலில் கிளம்பும் பேச்சு கொல்லையைப் பற்றித்தான். இடுப்பு உயரத்துக்கு பார்த்தீனியம், வீடு கட்டியபோது கொட்டிவிட்டுப் போன செங்கல் துண்டுகள், உடைந்த சிமென்ட் தொட்டி, மக்காத தென்னை மட்டை. "பூச்சி பொட்டு வருதும்மா, பேசாம சிமென்ட் போட்டுடலாம்" என்பார் மகன். "அங்க முருங்கை நின்னுச்சுப்பா" என்பார் அம்மா. பேச்சு அதோடு நின்றுவிடும். அடுத்த லீவில் கொத்தனார் வந்து நிற்பார்.

கொத்தனாரைக் கூப்பிடும் முன்பு ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அந்த ஒரு மாடியில் மட்டும் வருடத்துக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர்! உள் மாவட்டங்களில் மழை குறைவு. ஆனாலும் ஒரு குடும்பத்துக்குச் சின்ன அளவில்லை. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மாடிக் குழாயை எல்லோரும் யோசித்தோம். தண்ணீரைக் குடிக்கிற மண்ணை யோசித்தவர்கள் குறைவு. கொல்லைக்கு சிமென்ட் போட்டுவிட்டால் அத்தனையும் தெருவுக்குப் போகும். போதாததற்கு, பகல் முழுக்க வெயிலைக் குடித்த தரை, ராத்திரி அடுப்படிச் சுவருக்குச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும்.

சரி, சிமென்ட் வேண்டாமென்றால் என்ன செய்வது? அங்கேதான் 'பெர்மாகல்ச்சர்' என்ற வார்த்தை வருகிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மோலிசன், டேவிட் ஹோம்கிரென் இருவரும் 1970-களில் உருவாக்கிய முறை இது. முதல் புத்தகம் 1978-ல் வந்தது. ஒரு காடு எப்படி யாரும் உரம் போடாமல், தண்ணீர் ஊற்றாமல் நிற்கிறதோ, அதைப் பார்த்து வீட்டுத் தோட்டத்தை அமைப்பது. ஓர் இடத்தின் கழிவு இன்னோர் இடத்தின் உணவாக வேண்டும். தினமும் பறிப்பது கைக்கெட்டும் தூரத்தில், எப்போதோ பறிப்பது கடைசியில்.

கேட்டதும் அம்மாக்களுக்குச் சிரிப்பு வரும். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு, அடுப்புச் சாம்பல் கீரைப் பாத்திக்கு, கதவோரம் கறிவேப்பிலை, வேலியோரம் பிரண்டையும் தூதுவளையும் என்று இருந்த பழைய கொல்லை வேறென்ன? பெயர்தான் புதுசு. ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. அன்றைக்குப் பழக்கத்தில் நடந்ததை, இன்றைக்குத் திட்டம் போட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. ஏனென்றால், அடுப்படித் தண்ணீரைக் குழாய் போட்டு வெளியே அனுப்பிவிட்டோம்.

முதல் வேலை, எதையும் நடாமல் இருப்பது. ஆர்வத்தில் நர்சரிக்கு ஓடி இருபது செடி வாங்கி, சித்திரையில் பதினெட்டைத் தூக்கிப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஒரு மழையிலாவது குடையோடு கொல்லையில் நின்று பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது? அந்த வீட்டில் நாற்பது வருடம் இருந்தவர் பக்கத்திலிருந்தால், அவரிடமும் கேளுங்கள். எந்த ஆப்பும் சொல்லாததை அவர் சொல்வார்.

அடுத்து வெயில். நம் ஊரில் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாவது வாரம் கன்னியாகுமரியில் உச்சிக்கு வரும் சூரியன், மாதக் கடைசிக்குள் சென்னையைத் தாண்டிவிடும். அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் மதிய வெயில் வடக்கிலிருந்து விழும். மார்கழியில் அதே வெயில் தெற்கில் சரிந்திருக்கும். வீட்டுக்கு வடக்கே கொல்லை இருந்தால், மார்கழியில் நிழலாகத் தெரியும் இடம் வைகாசியில் கொளுத்தும். ஒரே நாள் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவோம்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து மரப்பெட்டி கட்டி, மண்ணை உயர்த்திப் பாத்தி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். குளிரும் ஈரமும் மிகுந்த ஊருக்கு அது சரி. மழை குறைந்த நம் ஊரில் உயர்த்திய பாத்தி சீக்கிரம் காயும். தரையிலிருந்து அரையடி பள்ளமான பாத்திதான் ஈரம் பிடிக்கும். தண்ணீர் தேங்கும் களிமண் கொல்லைக்கு மட்டும் மேட்டுப் பாத்தி. எந்த மண் என்று தெரியவில்லையா? ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும். வண்டலுக்குச் சில மணி நேரம். களி படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அடுக்குகளைப் பார்த்தாலே மண் புரிந்துவிடும்.

பார்த்தீனியத்தைப் பூ வைக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும்; தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரக்கூடியது. பூக்காத செடியைக் காயவைத்து மூடாக்காகப் போடலாம். கட்டடக் கழிவை மண்ணில் புதைக்காதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்பும் சிமென்ட்டும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். முழுச் செங்கல்லைப் பொறுக்கி நடைபாதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி வாழைக்குழி. ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் விலகி, ஆறடி அகலம், மூன்றடி ஆழத்துக்கு ஒரு வட்டக் குழி. இடம் சின்னது என்றால் பாதி அளவு போதும். தோண்டிய மண்ணைச் சுற்றி வரப்பாகப் போட வேண்டும். குழிக்குள் அடியில் தென்னை மட்டை, தேங்காய் மட்டை, விறகுக் குச்சி. மேலே காய்ந்த இலை, கொஞ்சம் சாணம். கூம்பாகக் குவியும்வரை போடலாம்; சில வாரங்களில் அமுங்கிவிடும். வரப்பின் மேல் நான்கு வாழை, இடையில் ஒரு பப்பாளி, உள்சரிவில் சேப்பங்கிழங்கு. அடுப்படித் தொட்டித் தண்ணீரை வலை வைத்து வடிகட்டிக் குழிக்குள் விட்டால், அதற்கப்புறம் தனியாகத் தண்ணீர் ஊற்றும் வேலை பெரிதாக இருக்காது. வீட்டுக் குப்பையில் மக்குவதெல்லாம் அங்கேயே போகலாம். சுமார் ஒரு வருடத்தில் தார் வெட்டலாம். வெட்டிய தண்டை நறுக்கி அதே குழியில் போட்டு, ஒரு பக்கக்கன்றை விட்டுவிட்டால் போதும்.

சில கறார்கள் உண்டு. கழிவறைத் தண்ணீர் கூடவே கூடாது. வாஷிங் மெஷின் தண்ணீரில் உப்பு அதிகம். தொடர்ந்து விட்டால் மண் இறுகும். எந்தக் கழிவுநீரும் கீரைப் பாத்திக்கு வேண்டாம். முக்கியமாக, குழியில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியக் கூடாது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் உறிஞ்சாமல் நின்றால், மட்டையும் இலையும் இன்னும் போடுங்கள்; அப்படியும் நின்றால் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள்.

மற்ற இடமெல்லாம் மூடாக்குதான். இலை, வைக்கோல் எது கிடைத்தாலும் நான்கு விரல் கனத்துக்கு மண்ணை மூடி வைத்தால் ஈரம் நிற்கும், களை குறையும். கொல்லையில் விழும் இலையைக் கூட்டிக் கொளுத்திவிட்டு, கடையில் உரம் வாங்குவது நம்மிடம் உள்ள வேடிக்கையான பழக்கம்.

பாம்பு பயம் நியாயமானது. அதைச் சிரித்து ஒதுக்குகிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம். பாம்பு வருவது எலிக்காக. எலி தங்குவது கல் குவியலிலும் விறகுக் குவியலிலும். அந்தக் குவியல்களை முதலில் அகற்றுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி மூன்றடிக்கு மூடாக்கும் செடியும் இல்லாமல் தினம் பெருக்கி வையுங்கள். இருட்டியபின் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். இலைக்குள் வெறுங்கையை விடாதீர்கள்.

வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் காய்கறி ஆசை வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்பு எலுமிச்சை, நெல்லி, அகத்தி, வேலியில் பிரண்டை வைத்துவிட்டு வந்தால் மழையே வேர் பிடிக்க வைக்கும். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்ற பக்கத்து வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். காய்த்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லிவிடுவது நல்லது!

அந்த முருங்கை? அதை வெட்டியதற்குப் பெரும்பாலும் மழைக்காலக் கம்பளிப்பூச்சிதான் காரணமாக இருக்கும். அரிப்பு தாங்காமல் மரத்தையே சாய்த்திருப்பார்கள். வருடம் ஒரு முறை இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டால், பூச்சி கண்ணுக்குத் தெரியும். கீரையும் கைக்கு எட்டும். காற்றில் கிளை முறிந்து ஓட்டில் விழாது.

கொத்தனாரை அழைத்தாகிவிட்டது என்றால் வேலை இல்லாமல் திருப்பி அனுப்ப வேண்டாம். துவைக்கிற கல்லைச் சுற்றியும், சுவரோரம் அந்த மூன்றடிக்கும் சிமென்ட் போடச் சொல்லுங்கள். அதற்கும் முன்பு, முருங்கை நின்ற இடம் எது என்று அம்மாவிடம் கேட்டு ஒரு குச்சி நட்டு வையுங்கள்.