கூரையில் ஏறிய தச்சர்

வடக்கு பிளென்ஹைம் பாலத்தைப் பற்றி மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் அது. ஸ்கோஹாரி ஓடையின் குறுக்கே 1855இல் நிக்கலஸ் பவர்ஸ் கட்டிய கூரைபோட்ட மரப்பாலம், 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் வெள்ளத்தோடு போனது. எனக்கு மனம் நிற்பதெல்லாம் அந்தத் தச்சரிடம்தான். ஓடைக்குள் ஒரு தூண்கூட ஊன்றாமல் 210 அடியைத் தாண்ட மரத்தால் முடியுமா என்று ஊரே சந்தேகப்பட்டதாம். சாரத்தைப் பிரித்த நாளில் அவர் பேசாமல் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார் என்கிறார்கள். விழுந்தால் தன்னோடு விழட்டும் என்று. செவிவழிக் கதைதான், ஆனாலும் நான் நம்புகிறேன். நடுவில் ஒற்றைப் பெரும் வளைவை நிறுத்தி, இருபுறமும் வண்டித்தடம் விட்டவருக்குத் தன் கணக்கில் அவ்வளவு உறுதி இருந்திருக்கும். அந்தக் கூரையும் அழகுக்காகப் போட்டதல்ல. சட்டங்களில் மழை இறங்கி மரம் இற்றுப்போகாமல் காப்பது அதுதான். 1930களில் பக்கத்தில் இரும்புப் பாலம் வந்தபோது, பழையதைப் பிரித்து விறகாக்காமல் வைத்துக்கொண்டார்களே, அந்த மக்களை மனதாரப் பாராட்டுகிறேன். நம்மில் எத்தனை ஊர்கள் அப்படிச் செய்திருக்கும்? 2018இல் அதே இடத்தில், முன்னதைவிட உயரத்தில், அதே வடிவத்தில் மீண்டும் கட்டிவிட்டார்கள். நகல் நகல்தான் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பவர்ஸின் வளைவை இன்றைய தச்சர்கள் மறுபடி செய்து பார்த்தார்கள் என்பதே பெரிய காரியம்.