சூழல் பாடத்தில் நீதிக்கு இடமில்லையா?

சூழல் கல்வி என்பது மரம் நடுதல், நெகிழியைத் தவிர்த்தல், நீரைச் சிக்கனமாகச் செலவிடுதல் ஆகியவற்றோடு நின்றுவிட வேண்டும் என்றும், எவருடைய கழிவு எவருடைய உடல்நலத்தைக் கெடுக்கிறது என்னும் கேள்வி அரசியல் ஆகையால் அது வகுப்பறைக்குள் வரலாகாது என்றும் ஒரு கருத்து கல்வி வட்டாரங்களில் ஊன்றியிருக்கிறது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனின் செமினரி வந்தமர்ந்த காலந்தொட்டுக் கல்விக்குப் பெயர்பெற்ற, மதுரையை அடுத்த பசுமலையில் நின்று பார்த்தால், இக்கருத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் காரணங்களுள் எதுவும் நிலைக்கவில்லை.

சூழல் நீதி அறிவியல் அன்று என்பது முதற்காரணம். மாசின் சுமை சாதி, வருவாய், வாழிடம் ஆகியவற்றுக்கேற்பக் கூடியும் குறைந்தும் விழுகிறதா என ஆராய்ந்து, அச்சுமையைத் தாங்குவோருக்கு முடிவெடுப்பதில் பங்கு கோருவதே சூழல் நீதி. அமெரிக்காவின் வட கரோலினாவில், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த வாரன் மாவட்டத்தில் நச்சுமண்ணைப் புதைப்பதற்கு எதிராக 1982இல் எழுந்த போராட்டம் இதனை உலகறியச் செய்தது. இந்த ஆராய்ச்சியின் முதற்பாதி முழுக்க அளவைக்கு உட்பட்டது. பசுமலையிலிருந்து சில கிலோமீட்டரில் அவனியாபுரத்தை ஒட்டியுள்ள வெள்ளக்கல் குப்பைக் கிடங்கை எடுத்துக்கொண்டால், மக்கும் குப்பையின் ஊடே வடிந்து நிலத்தில் இறங்கும் கசிவுநீர் எந்தக் கிணறுவரை எட்டியிருக்கிறது என்பதும், குப்பை எரியும் நாளில் புகை எத்தெருக்களில் படிகிறது என்பதும் அளந்தே அறிய வேண்டியவை. கிணற்றுநீரில் உப்பு மிகுந்திருப்பது மட்டுமே ஒரு நோய்க்குக் காரணம் ஆகிவிடாது என்ற எச்சரிக்கையையும் மாணவர் அங்கேதான் கற்பர். முழக்கத்துக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூல் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

எல்லோரும்தான் குப்பை போடுகிறோம், ஆகவே தனிமனித ஒழுக்கத்தைக் கற்பித்தால் போதும் என்பது இரண்டாவது. குப்பை போடுவது பொதுவாக இருக்கலாம். அது போய்ச் சேரும் இடம் பொதுவன்று. பொங்கலன்று ஜல்லிக்கட்டுக்காக நகரமே திரும்பிப் பார்க்கும் அவனியாபுரம், மதுரை மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்த 2011வரை தனி நகராட்சியாகவே இருந்தது. அதாவது மாநகரின் குப்பை வந்துசேர்ந்த ஊரின் மக்களுக்கு, அதை அனுப்பிய மாமன்றத்தைத் தேர்ந்தெடுக்க வாக்கு இருக்கவில்லை. மேலும், அக்குப்பையை நாள்தோறும் கையாளும் தூய்மைப் பணியாளர்கள் பெரும்பாலும் எச்சாதியினர் என்பதைப் பேசாமல் விட்டு, குப்பைத்தொட்டியைப் பயன்படுத்துமாறு மட்டும் மாணவருக்கு அறிவுறுத்துவது பாதிப் பாடமே.

இத்தகைய கல்வி வளர்ச்சிக்கு எதிரான மனநிலையை விதைக்கும் என்பது மூன்றாவது. 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை, மேலூர் வட்டார மக்களின் போராட்டத்துக்குப் பின் 2025 ஜனவரியில் ஒன்றிய அரசே ரத்து செய்தது. கிராமசபைத் தீர்மானம், சட்டமன்றத் தீர்மானம், பேரணி என்று நகர்ந்த அந்நிகழ்வு குடிமையியல் பாடமேயன்றி வேறில்லை. ஆசிரியர் தம் முடிவை மாணவர்மேல் திணிக்கக்கூடும் என்ற அச்சம் மட்டும் நியாயமானது. சுரங்கத்தை விரும்புவோரின் வாதத்தையும் அதே வகுப்பில் வைப்பதே அதற்குரிய மாற்று.

பாடத்திட்டத்தில் நேரமில்லை என்பது எஞ்சி நிற்கும் சமாதானம். எல்லா நிலைகளிலும் சூழல் கல்வி வேண்டும் என சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1991இல் ஆணையிட்டது. அதைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்டப்படிப்புகளுக்கு வகுத்த ஆறுமாதப் பாடத்தில், சூழலும் மனித நலவாழ்வும் என்ற தலைப்பு உண்டு. உள்ளூரில் மாசடைந்த ஓர் இடத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் களப்பணியும் உண்டு. ஆகவே வெள்ளக்கல்லுக்குப் போகப் பாடத்திட்டத்தில் புதிய அனுமதி எதுவும் தேவையில்லை. பெரும்பாலான கல்லூரிகள் அக்களப்பணியைத் தாளில் எழுதி முடித்துவிடுகின்றன என்பதே குறை.