ஆறு பேர் இருந்தால் போதும்



"டீச்சருக்கு எதற்கு இந்த வேலை" என்று சிரிக்காதீர்கள். இன்று பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பற்றி எழுதப் போகிறேன்.

சென்னையில் படிக்கும் என் அண்ணன் பேத்தி 8 மாதமாக இதைக் கற்கிறாள். "அத்தைப் பாட்டி, விட்டுடலாம்னு இருக்கேன். எல்லாரும் என்னை அமுக்கிடறாங்க" என்றாள். வகுப்பில் 30 பேராம். மாதம் ஒரு ஞாயிறு 6 பேருக்கு மட்டும் தனிப் பயிற்சி உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். வீட்டில் வீண் செலவு என்கிறார்கள். நான் "விடாதே, அதில் சேர்" என்றேன். ஏன் என்று எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

இந்தக் கலையில் குத்து, உதை கிடையாது. எதிராளியைத் தரையில் கிடத்தி, கை மூட்டையோ கழுத்தையோ பூட்டுவார்கள். மாட்டிக்கொண்டவர் கையால் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். இதற்குத் தாய் ஜப்பானின் ஜூடோ. மித்சுயோ மாயேதா என்ற ஜூடோ வீரர் 1914இல் பிரேசிலுக்குப் போனார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பிகளும் தரைச் சண்டையைத் தனிக் கலையாக வளர்த்தார்கள்.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ நம்ம ஆள்! டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகப் பல ஆண்டுகள் இருந்தவர். 1882இல் ஒரு கோயில் அறையில் 12 பாய் விரித்துத் தொடங்கியபோது அவரிடம் இருந்த மாணவர்கள் 9 பேர்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். 30 பேர் என்றால் 15 ஜோடி. ஆசிரியர் எதையும் செய்துகாட்டாமல் சுற்றி வந்தாலே ஒரு மணி நேரத்தில் ஒரு ஜோடிக்குக் கிடைப்பது 4 நிமிடம். 6 பேர் என்றால் 3 ஜோடி, ஒரு ஜோடிக்கு 20 நிமிடம்.

அந்த நிமிடங்கள் ஏன் முக்கியம்? கையைப் பூட்டும் 'ஆர்ம்பார்' பிடியில் முழங்கால்கள் விலகியிருந்தால் எதிராளி கையை உருவிக்கொள்வார். இடுப்பு தோளை ஒட்டி இல்லாவிட்டால் பூட்டு விழாது. செய்கிறவருக்கு இது தெரியாது. பலம் போதவில்லை என்று நினைத்து வெடுக்கென்று இழுப்பார். அடுத்தவர் முழங்கை போய்விடும். பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் திருத்த முடியும்.

நல்ல சிறு குழுப் பயிற்சியில் ஒரு நாளைக்கு ஒரே பாடம்தான். மேலே ஏறி உட்கார்ந்தவரிடமிருந்து தப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மேலே இருப்பவர் எதிர்ப்புக் காட்டமாட்டார். பிறகு கொஞ்சம் எதிர்ப்பார், கடைசியில் முழுப் பலத்தோடு. தப்பியதும் மறுபடி அதே இடத்திலிருந்து தொடங்குவார்கள். பெரிய வகுப்பின் பொதுச் சண்டையில் ஒரு நாளைக்கு ஒருமுறை வரும் நிலை, இங்கே திரும்பத் திரும்ப வரும். கை தானாகப் பழகும்.

நம் பள்ளிகளில் 2007-08 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தது நினைவிருக்கிறதா? நாற்காலியை விட்டு இறங்கி, சின்னச் சின்னக் குழுக்களாகப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தோம். அன்றோடு பின்வரிசை போயிற்று. எழுத்துக் கூட்டத் தெரியாமலே தலையாட்டிக்கொண்டிருந்த பிள்ளை முதல் வாரமே கண்ணில் பட்டான். படிப்பை விடுகிறவர்கள் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாதவர்கள்தான். ஜியு-ஜிட்சுவிலும் அப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

அதற்காகப் பெரிய வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. குண்டு, ஒல்லி, நெட்டை, குட்டை என்று பலரோடும் மோதிப் பழக அதுவும் வேண்டும். பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேர்? ஒரு பாடமா, பத்துப் பாடமா? எதிர்ப்போடு நாம் செய்வதை ஆசிரியர் பார்த்துத் திருத்துவாரா? 25 பேரைச் சேர்த்துக்கொண்டு 'சிறு குழு' என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

கறுப்பு பெல்ட் வாங்க 10 வருடம் ஆவது இதில் சாதாரணம். அவ்வளவு தூரம் போக வேண்டிய பிள்ளை எட்டாவது மாதத்தில் வெளியேறுவது அவள் குறையில்லை.

என் மாணவர்களில் பரதம், நீச்சல், டியூஷன் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறீர்கள். வாரம் ஒரு நாளாவது ஆறு பேரை மட்டும் உட்காரவைத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்